அல்போர்ட் நோயைத் தோல் துணுக்கில் பார்ப்பது: திருகோணமலையிலிருந்து மாதிரி அனுப்புவோருக்கு

சிறுநீரகப் பழுது என்றாலே நம் மாவட்டத்தில் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார்கள். பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நோயில் சிறுநீரில் இரத்தம் பெரிதாகப் போகாது. ஒரு சிறுவனுக்குச் சிறுநீரில் விடாமல் சிவப்பணு, காதும் மந்தம், தாய்மாமனுக்கு இளவயதிலேயே டயாலிசிஸ் என்றால் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும் பரம்பரை நோயான அல்போர்ட் நோயை நினைக்க வேண்டும்.

மரபணுச் சோதனைதான் சிறந்தது. அது எட்டாதபோது, அல்லது அதன் முடிவு தெளிவில்லாதபோது தோல் கைகொடுக்கும். எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வரும் வடிவத்தில் பழுதாவது நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தின் அல்பா-5 சங்கிலி. சிறுநீரக வடிகட்டியில் இருக்கும் அதே சங்கிலி மேற்தோலுக்கு அடியில் கோடுபோல ஓடும் அடிமென்சவ்விலும் உண்டு.

முன்கையின் உட்பக்கம் போதும். தோலுக்குக் கீழே 1% லிக்னோகேன் 1–2 மி.லீ. ஏற்றி, சில நிமிடம் பொறுத்து, 4 மி.மீ. பஞ்ச் கருவியை (வட்டவாய்க் கத்தி) ஒரே திசையில் திருகி இறக்குங்கள். துணுக்கை இடுக்கியால் கவ்வ வேண்டாம். நசுங்கினால் மேற்தோல் கழன்றுவிடும், பார்க்கவேண்டிய கோடே போய்விடும். ஊசிமுனையால் தூக்கி, அடியைக் கத்தரித்து எடுங்கள். ஒரு தையல் போதும்.

துணுக்கை ஃபோர்மலினில் போடக்கூடாது. வார்டில் பழக்கதோஷத்தில் ஃபோர்மலின் போத்தலை நீட்டிவிடுவார்கள். அதனால் அதை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மிஷெல் திரவத்தில் (துணுக்கைக் கெடாமல் கொண்டுபோகும் கரைசல்) போட்டால் சாதாரண வெப்பநிலையில் சில நாள் தாங்கும். உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றினால் குளிரில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். சாதாரண ஃப்ரீசரில் வைப்பதுதான் மிக மோசம். மெல்ல உறையும்போது பனிப்பளிங்குகள் திசுவைக் கிழிக்கும். ஹபரணை வழியாகக் கொழும்புக்கு வெயிலில் போகும் வாகனத்தின் பின்பக்கம் அடுப்புப்போலக் கொதிக்கும். பெட்டியை முன்னால் வையுங்கள். வெள்ளிக்கிழமையும் போயாவுக்கு முந்தின நாளும் துணுக்கு எடுக்காதீர்கள். அல்பா-5 எதிருடல் (அந்தச் சங்கிலியில் ஒட்டி அதைக் காட்டும் பொருள்) கையிருப்பில் உண்டா, எந்தத் திரவத்தில் வேண்டும் என்று ஆய்வுகூடத்திடம் முதலே கேட்டுவிடுங்கள்.

அங்கே 4–5 மைக்ரோன் தடிப்பில் உறைவெட்டு எடுத்து ஒளிரும் இரு நிறம் ஏற்றுவார்கள்: வழமையாக அல்பா-5க்குப் பச்சை, அல்பா-2க்குச் சிவப்பு. அல்பா-2 இந்த நோயில் பழுதாகாத இன்னொரு சங்கிலி, அதனால் மாதிரி நல்லதா என்பதற்குச் சிவப்புதான் சாட்சி. அது தொடர்கோடாகத் தெரிந்து பச்சை அறவே இல்லாவிட்டால், ஆணில் அது அல்போர்ட். இரண்டுமே இல்லையென்றால் மாதிரி கெட்டுவிட்டது. அதை நோய் என்று எழுதிவிடாதீர்கள். சுகதேகி ஒருவரின் தோலையும் அதே தொகுதியில் ஏற்றி, இரண்டையும் ஒரே ஒளியளவில் படமெடுக்க வேண்டும். கமராவைத் தானியங்கியில் விட்டால், இல்லாத பச்சையையும் அது இழுத்துக் காட்டும். மேலேயுள்ள கெரட்டின் படையும் கீழேயுள்ள மீள்தன்மை நார்களும் தாமாகவே ஒளிர்பவை. அந்தப் பச்சையை நம்பாமல் சிவப்புக்கோடு ஓடும் இடத்தில் மட்டும் தேடுங்கள்.

பெண்களில் பச்சை விட்டுவிட்டு வரும், ஏனென்றால் ஒவ்வொரு கலத்திலும் ஒரு எக்ஸ் மட்டுமே வேலை செய்கிறது. ஒரு வெட்டில் முழுக்கோடு தெரிந்தாலும் பல மட்டங்களில், நீளமான பகுதியைப் பார்த்தபிறகே சொல்லுங்கள். நோயுள்ள பையனின் தாயையும் சகோதரிகளையும் சிறுநீர்ச் சோதனைக்கு அழையுங்கள்.

பச்சை முழுமையாக இருந்தாலும் நோய் இல்லை என்று எழுதக்கூடாது. இந்த எக்ஸ் வடிவமுள்ள ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோலில் சங்கிலி எஞ்சியிருக்கும். அல்பா-3, அல்பா-4 பழுதாகும் வடிவங்களைத் தோல் காட்டவே காட்டாது. அந்தச் சங்கிலிகள் அங்கே இல்லை. அப்போது மரபணுச் சோதனைக்கோ, எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சிறுநீரகத் துணுக்குக்கோ போகவேண்டும். தோலை மறுபடி வெட்டிப் பயனில்லை.