ஆவாரைக்கு நாற்று வாங்க வேண்டாம்

முற்றிக் காய்ந்த ஆவாரங்காயை உடைத்தெடுத்த விதைகளை, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் இட்டு, இரவு முழுவதும் அப்படியே ஆறவிட்டு, ஐப்பசி மழையில் மண் நனைந்ததும், உப்பியவற்றை மட்டும் நிலத்திலேயே ஊன்றினால் நாற்றுச் செலவு மிச்சமாகும். உப்பாமல் கிடப்பவற்றை மறுபடியும் வெந்நீரில் இடலாம். தண்ணீர் எளிதில் புகாத கடினமான விதைத்தோலை வெந்நீர் இளக்கிவிடுவதே இதன் காரணம். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் சரளைக் காடுகளில் தானாகவே வளரும் செடியாதலால், வேர் பிடித்த பின் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடுகளும் பெரும்பாலும் அதைக் கடிப்பதில்லை என்பது, காவல் செலவை எண்ணிப் பார்த்தால், நாற்று விலையைவிடப் பெரிய லாபம். தாமிரபரணிப் பாசனத்தில் நீர் தேங்கும் வயலோரங்களுக்கும் அடர்ந்த மரநிழலுக்கும் இது ஒத்துவராது.