மீன் தொட்டியில குட்டி குட்டியா ஏதோ ஓடுதா? மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

வேலூர் வெயிலுக்கு மிச்சம் விழுற மீன் தீனி சீக்கிரம் அழுகிடும், அதத் தின்ன என்னென்னவோ வந்துடும், அதுலயும் காட்பாடி பக்கம் ஏரியில வேலம்பாசி எடுத்துட்டு வந்து போட்டிருந்தீங்கன்னா கேக்கவே வேணாம். ராத்திரி தொட்டி லைட்ட அணைச்சு கொஞ்ச நேரம் விட்டு, மொபைல் டார்ச்ச கண்ணாடியில அடிச்சு அது எப்படி நகருதுன்னு மட்டும் பாருங்க, பாதி தெரிஞ்சிடும்.

நூலாட்டம் வெள்ளையா தண்ணியில நெளிஞ்சு நீந்துதா, மீனை ஒண்ணும் பண்ணாது, தீனிய கொறைங்க போதும். வெட்டி வெட்டி குதிக்கிற வெள்ளைப் புள்ளி சைக்ளாப்ஸ், பொட்டைக்கு வால் பக்கம் ரெண்டு முட்டைப் பை தொங்கும், மீனுக்கு நல்ல சாப்பாடுங்க அது.

கண்ணாடியில வழுக்கிட்டே போகுது, தலை முக்கோணம், ரெண்டு கண்ணு இருக்குன்னா பிளனேரியா. குட்டி இறால் வளக்குறவங்க இதுல உஷாரா இருங்க, நசுக்கவும் நசுக்காதீங்க, துண்டானா துண்டுக்கு ஒரு புழு வளந்துடும், ட்யூப் போட்டு உறிஞ்சிதான் எடுக்கணும். ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு மெல்லிசா கை விரிச்சு, தொட்டா சுருங்கிச்சுன்னா ஹைட்ரா, பொறந்த மீன் குஞ்ச புடிச்சு தின்னுடும். வால்ல தட்டையா மூணு செவுள் தெரிஞ்சா அது ஊசித்தட்டான் குஞ்சு, பாத்த உடனே வலை போட்டு எடுத்துடுங்க.