ஸ்டேப்ளர் வாங்கும் முன் 'பின்'னைப் பாருங்கள்

கடையில் போய் "ஒரு பாக்கெட் ஸ்டேப்ளர் பின் கொடுங்க" என்று கேட்டால், "எந்த நம்பர்?" என்பார் கடைக்காரர். அங்கே முழித்துவிட்டு ஏதோ ஒன்றை வாங்கி வந்து, அது உள்ளே உட்காரவில்லை என்றதும் ஸ்டேப்ளரைத் திட்டுவோம்.

வீட்டிலும் பள்ளிப் பையிலும் கிடப்பது பெரும்பாலும் 10ஆம் நம்பர். பின்னின் கால் 5 மி.மீ.தான், 15 தாள் வரை நம்பலாம். ஆபீஸ் மேஜையில் இருப்பது 24/6 போடும் மெஷின். இதில் 24 என்பது கம்பியின் கேஜ், 6 என்பது காலின் நீளம், மி.மீ. கணக்கில். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், அதனால் 26/6 கொஞ்சம் சன்னமானது. பல மெஷின்களில் இரண்டுமே ஓடும்.

எத்தனை தாளுக்கு எது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜெராக்ஸ் தாள் பத்து அடுக்கினால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும். 30 தாளைத் துளைத்து வந்த பிறகு 24/6 காலில் மடங்குவதற்கு 3 மி.மீ. மிஞ்சும், 50 தாள் என்றால் வெறும் 1 மி.மீ., அது எங்கே மடங்கும்? அதற்குத்தான் 23/13 போடும் நீளக் கைப்பிடி மெஷின். அதை வைத்துப் பத்துத் தாளுக்கு அடிக்காதீர்கள், மிச்சக் கால் சுருண்டு திரும்ப மேலே குத்தும்.

அடியில் பின் மடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறதே, பல மாடல்களில் அதை அமுக்கித் திருப்பலாம். அப்போது கால்கள் உள்ளே மடங்காமல் வெளியே விரியும். அப்புறம் பிரிக்க வேண்டிய பில்களுக்கு இப்படி அடித்தால் இழுத்த இழுப்பில் பின் வந்துவிடும், தாள் கிழியாது.

சிறு புத்தகத்துக்கு நடு மடிப்பில் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் உண்டு. எப்போதாவது ஒருமுறைக்கு அதை வாங்குவது வீண். இருக்கிற ஸ்டேப்ளரை முழுவதும் விரித்து, தாளுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டித் துண்டை வைத்து அடியுங்கள். பிறகு மெதுவாகத் தூக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை ஸ்பூன் முதுகால் மடக்கினால் வேலை முடிந்தது. சோபாவின் அடித்துணி, பிளைவுட் இதற்கெல்லாம் துப்பாக்கி மாதிரி விசையை அமுக்கிப் பின் அடிக்கும் கன் டாக்கர்தான், அடிக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

ரூபாய் நோட்டில் மட்டும் அடிக்கவே வேண்டாம். நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதை நிறுத்தச் சொல்லி 2001லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

அடித்த பின்னை எடுக்க நகத்தைக் கொடுக்காதீர்கள். பல 10ஆம் நம்பர் ஸ்டேப்ளர்களின் வால் பக்கம் தட்டையாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது அதற்குத்தான்.