சர்க்கரை நோய் வந்த பூனைக்கு மருத்துவர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பூனைக்குச் சர்க்கரை, இனி தினமும் இன்சுலின் போடணும்" என்று கேட்ட அன்று யாருக்கும் கை கால் ஓடாது. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிது பெரிதாகச் சேர்வது, நன்றாகச் சாப்பிட்டும் தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுவது என எல்லாவற்றையும் சில வாரங்களாகப் பார்த்திருப்போம். வயதாகிறது என்று விட்டிருப்போம். இப்போது திடீரென்று ஒரு நோயின் பெயர், கையில் ஒரு மருந்துக் குப்பி. அந்தப் பதற்றத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவரிடமே தொடர்ந்து போகத் தோன்றும்.

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்றால் ஆண்டுக்கு 730 ஊசி. அத்தனையையும் போடப்போவது நாம்தான். மருத்துவர் பூனையைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்கள். அதனால் இந்த நோய்க்கு மருத்துவர் தேடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி: இவர் எனக்குச் சொல்லிக்கொடுப்பாரா, நான் வீட்டில் பார்த்ததைக் காதுகொடுத்துக் கேட்பாரா?

கிளினிக்கில் எடுத்த ஒரே அளவை நம்புவது

பயந்தால் பூனைக்குச் சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, வண்டியில் குலுங்க வைத்து, நாய்கள் குரைக்கும் அறையில் காத்திருந்து, பிடித்து அழுத்தி ரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாம். இது தெரிந்த மருத்துவர் ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவுகட்ட மாட்டார். எடை குறைந்ததா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று விசாரிப்பார், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார், ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையும் கேட்பார். அந்த நேரத்துப் பயத்தால் ஃப்ரக்டோசமைன் ஏறாது. முந்தைய ஓரிரு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டும்.

மருந்தின் அளவை மாற்றும்போதும் இதே சிக்கல்தான். எங்கள் பூனைக்கு முதலில் பார்த்த மருத்துவர், ஒவ்வொரு முறை கூட்டிப் போகும்போதும் ஒரு சொட்டு ரத்தம் பார்ப்பார், அதிகம் என்பார், இன்சுலினை ஏற்றுவார். பத்து நாளுக்குள் இரண்டு முறை ஏற்றினார். ஒரு நாள் சாயங்காலம் பூனை நடக்க முடியாமல் தள்ளாடி, சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. ஈறில் தேன் தடவிக்கொண்டே ஓடினோம். பிழைத்தது. அடுத்துப் பார்த்த மருத்துவர் பூனையைத் தொடும் முன் கேட்டது: "வீட்டில் எவ்வளவு காட்டுது?" அப்போதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது.

இன்சுலின் போட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஊசிவரை சர்க்கரையை அளந்து குறிப்பார்கள். அந்த வரிசையில் மிகத் தாழ்ந்த அளவு எது, எத்தனையாவது மணியில் வந்தது என்பதுதான் மருந்தின் அளவை முடிவு செய்யும். ஏறக்குறைய 80 முதல் 150-க்குள் அந்தத் தாழ்ந்த புள்ளி நின்றால் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். இதை வீட்டிலேயே, காதின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். முதல் வாரம் கை நடுங்கும், பிறகு பழகிவிடும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பூனைக்கு அளவீடு செய்த ஆல்பாட்ராக் போன்ற மீட்டர்கள் இருக்கின்றன. உடம்பில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரையும் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 14 நாள் ஓட வேண்டியது, பூனை உடம்பில் பல நேரம் முன்னதாகவே கழன்றுவிடும், ஆனாலும் சில நாள் கணக்கே பெரிய உதவி. "இதெல்லாம் உங்களால் ஆகாது, என்னிடம் கொண்டு வாங்க" என்று தடுக்கிற மருத்துவரிடம் நான் திரும்பப் போக மாட்டேன்.

நாய்க்குப் பார்ப்பவர் பூனைக்கும் அப்படியே பார்ப்பார் என்று நினைப்பது

நாய்க்குச் சர்க்கரை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இன்சுலின்தான். பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. சீக்கிரம் கண்டுபிடித்து, சர்க்கரையை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்து, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றினால், சில பூனைகளுக்கு இன்சுலினையே நிறுத்த முடிகிறது. தொடக்க மாதங்கள் இதற்கு முக்கியம். அதனால் முதல் சந்திப்பிலேயே, "இன்சுலின் நிறுத்துற நிலை வருமா டாக்டர்?" என்று கேளுங்கள். "வாய்ப்பே இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர் பூனை மருத்துவத்தை அவ்வளவாகப் பின்தொடரவில்லை. "கண்டிப்பாகக் குணமாகும்" என்று வாக்குக் கொடுப்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும்.

எந்த இன்சுலின் என்பதும் காட்டிக்கொடுக்கும். கிளார்ஜின், பிஇஸட்ஐ போன்ற நீண்ட நேரம் வேலை செய்பவைதான் பூனைகளுக்குப் பொதுவாக முதல் தேர்வு. மனிதர்களுக்கான என்பிஎச் வகை பூனை உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஊசி என்று எழுதிக்கொடுத்தால், காரணம் கேட்காமல் வாங்கி வராதீர்கள்.

ஏன் வந்தது என்று கேட்காதவரை ஏற்றுக்கொள்வது

அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ கொடுத்த ஸ்டீராய்டு பூனைக்குச் சர்க்கரையை வரவழைக்கலாம். நல்ல மருத்துவர் கடந்த மாதங்களில் போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் கேட்பார். வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்ப்பார், சிறுநீர்த் தொற்று உண்டா, கணையம் வீங்கியிருக்கிறதா என்று தேடுவார். இவற்றில் ஒன்று மறைந்திருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மருந்து ஏறிக்கொண்டே போய்ச் சர்க்கரை மட்டும் இறங்காத பூனைக்கு, வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோய் இருக்கக்கூடும். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. அதை யோசிக்காமல் யூனிட்டை மட்டும் கூட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சீட்டை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவது

இதில்தான் உயிர் போகும் ஆபத்து. இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் வருகின்றன: ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 1 என்ற கோடுவரை இழுத்தால் பூனைக்குள் போவது இரண்டரை யூனிட். பல பூனைகளுக்குத் தொடக்க அளவே ஒரு வேளைக்கு ஒரு யூனிட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மருத்துவரோ உதவியாளரோ உங்கள் முன்னால் இழுத்துக் காட்ட வேண்டும், பிறகு உப்புநீரை நிரப்பி உங்களையும் ஒரு முறை போட வைக்க வேண்டும். குப்பியைக் குலுக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்தைக் குலுக்கியே ஆக வேண்டும், சிலவற்றை உள்ளங்கையில் மெல்ல உருட்ட வேண்டும், கிளார்ஜினைக் குலுக்கவே கூடாது.

ஊசி வேண்டாம் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு வாய்வழி மருந்து பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையையும், 2023-ல் வெலாகிளிஃப்ளோசின் திரவ மருந்தையும் பூனைகளுக்கு அனுமதித்தது. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. ஆனால் அந்த அனுமதி, இன்சுலின் இதற்குமுன் போடாத, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற பூனைகளுக்கு மட்டும். சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதுதான் இவற்றின் பயம். ஈரல், சிறுநீரகம், கணையம் பார்க்காமல், கீட்டோன் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த மருந்தைக் கையில் கொடுப்பவரிடம் "கீட்டோன் எப்போ பார்க்கணும்?" என்று நேராகக் கேளுங்கள்.

இரவு யாரிடம் பேசுவது என்று கேட்காமல் இருப்பது

"பூனை இன்று சாப்பிடவில்லை, ஊசி போடலாமா?" இந்த வாழ்க்கையில் அடிக்கடி எழும் கேள்வி இதுதான், அது எப்போதும் கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்தில்தான் எழும். பதிலை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சர்க்கரை 60-க்குக் கீழே போனாலோ, தள்ளாட்டம், வலிப்பு வந்தாலோ என்ன செய்வது, எங்கே போவது? வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, சோர்ந்து கிடப்பது, மூச்சில் நகப்பூச்சு நீக்கும் திரவம் போல வாடை, இவை கீட்டோன் ஏறியதன் அடையாளம், விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அவசர மருத்துவமனை எத்தனை நிமிட தூரம் என்பது, மருத்துவரின் பட்டங்களைப் போலவே பார்க்க வேண்டிய விஷயம்.

நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு அளவு மருந்து நிலைகொள்ள ஓரிரு வாரம் ஆகும், சர்க்கரை கட்டுக்குள் வர மாதங்கள் ஆகலாம். பத்தாம் நாளே மருத்துவரை மாற்றினால் அடுத்தவர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தவறவிட்ட ஊசியை மறைப்பதும் அப்படித்தான். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் ஏற்றிவிடுவார். உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால், முதல் நாள் பூனையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இதுவரை போட்ட இன்சுலினின் பெயர், தேதி, யூனிட், எடை, வீட்டில் எடுத்த அளவுகள் எல்லாம் உள்ள நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அவர் அதைத் திறந்து படிக்கிறாரா, ஓரமாகத் தள்ளி வைக்கிறாரா என்று பாருங்கள்.