பாத்திரப் பண்பு எழுத ஒரு சிலம்பு போதும்

பாத்திரப் பண்பு எழுதச் சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் கதையை எழுதிவிடுவார்கள். குறை சொல்ல மாட்டேன்; பத்தாம் வகுப்பில் நானும் நான்கு பக்கம் அப்படி எழுதி, பத்துக்கு மூன்று வாங்கியவள்தான்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள்; தன் கணவன் கோவலனைக் கள்வன் என்று கொல்லச் செய்த பாண்டிய மன்னனிடம் கண்ணகி நீதி கேட்கும் பகுதி அது. முதலில் பாத்திரங்கள் பேசும் இடங்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். கண்ணகி அரசனை எப்படிக் கூப்பிடுகிறாள்? 'தேரா மன்னா'. தீர விசாரிக்காத மன்னனே என்று! வழக்கு முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. 'கண்ணகி துணிச்சல்காரி' என்று எழுதினால் அடுத்த வரியில் இந்தச் சொல் வர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் பாராட்டு.

அப்புறம், பாத்திரம் எங்கே உடைகிறது என்று பாருங்கள். தங்கள் சிலம்பின் பரல், அதாவது உள்ளே ஒலிக்கும் மணி, முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடம் இருந்த சிலம்பைக் கண்ணகி உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவனே தீர்ப்பு சொல்லிக்கொள்கிறான். அவனை வில்லன் என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்த வரியைக் காட்டுவேன். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிவு உண்டு.

சரி, மையக்கருத்து? நூலின் முகப்பான பதிகம் சொல்லும் மூன்று கருத்தையும் ஒப்பிக்காதீர்கள். இந்தக் காதைக்கு 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவது' போதும்; ஆட்சியில் தவறியவருக்கு அறமே எமன் ஆகும் என்று பொருள். சிலம்பைப் பின்தொடருங்கள்: கோவலன் விற்கப்போன பொருள், அவன்மேல் பழி விழக் காரணம், கடைசியில் சாட்சி. மூன்று பத்தி கிடைத்துவிட்டது.