பழைய டச்சு கடிதத் தராசு: முள் சிக்கியதைச் சரிசெய்த விதம்

ஊசல் வகைத் தராசு, அதாவது தொங்கும் எதிர்எடை சாய்ந்து முள்ளை நகர்த்தும் வகை. கடிதத்தை எடுத்த பிறகும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 4 கிராமில் நின்றது. எதிர்எடைக் குண்டைத் தொடவில்லை. குற்றம் அச்சில் உறைந்த பழைய எண்ணெயில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் அச்சுமுனைகளைத் துடைத்தேன். மறுபடி எண்ணெய் விடக்கூடாது, தூசி ஒட்டி மீண்டும் இறுகும். மட்டம் பார்த்துவிட்டு 1 யூரோ நாணயங்களால் சோதித்தேன்: ஒன்று 7.5 கிராம், நான்கு வைத்தால் 30. தட்டின் ஓரத்தில் வைக்கும்போது அளவு மாறினால் இணைப்புக்கம்பி வளைந்திருக்கும். அளவுமுகப்பில் பித்தளை பாலிஷ் வேண்டவே வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். சோதிக்க எடுக்கும் பழைய டச்சு எடைக்கல்லில் 'லோட்' என்ற பழைய எடை அலகு இருந்தால் குழம்ப வேண்டாம். 1820 முதல் நெதர்லாந்தில் மெட்ரிக் அளவுகளுக்கே பழைய பெயர்கள் வழங்கின. அந்தக் கணக்கில் 1 லோட் 10 கிராம்.