பேஸ் ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் கேபிள்?
பேஸ் கிட்டாரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) செருகும் கேபிளையே ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் (ஸ்பீக்கர் பெட்டிக்கும்) நடுவில் போட்டுவிடாதீர்கள். வெளியே பார்க்க அதே கால் அங்குல ஜாக்தான். கிட்டார் கேபிளுக்கு உள்ளே மெல்லிய ஒரு கம்பியும் அதைச் சுற்றி ஷீல்டும் (இரைச்சலைத் தடுக்கும் உறை) தான் இருக்கும். 300, 500 வாட் ஓடினால் சூடேறும், ஆம்பும் கெடலாம். ஸ்பீக்கர் கேபிளில் ஒரே தடிமனில் இரண்டு கம்பிகள். 2.5 சதுர மி.மீ. செம்பு, ஓரிரு மீட்டர் நீளம் தாராளம். தங்க முலாமுக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

ஆம்பிலும் கேபினெட்டிலும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் இணைப்புக்கென்றே உள்ள பூட்டும் வகை) சாக்கெட் இருந்தால் கண்டிப்பாக அதையே பயன்படுத்துங்கள். செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மேடையில் யார் காலில் இடறினாலும் கழலாது, மாட்டும்போது ஷார்ட்டும் ஆகாது. பெரும்பாலும் 1+, 1− முனைகளில்தான் இணைப்பு இருக்கும்.

அப்புறம், வால்வு ஆம்பை (வெற்றிடக் குழாய்களில் இயங்கும் ஆம்பை) கேபினெட் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது.